‘உங்க முகத்தைப் பார்த்தாலே சொல்லத் தோணலை’: பொறுப்பில் இருப்பவர்கள் கெட்டதையே நினைக்கும் பழக்கத்தை எப்படி விட்டீர்கள்?

இரவு ஷிப்ட் (குன்னூர் பக்கம்), ஜூன் 14, காலை 9.20

வணக்கம். ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வருடம் முன்பு வரை நானும் இலையை உருட்டும் ரோலிங் ரூமில் நின்றவன்தான். இப்போது 19 பேர் என் பொறுப்பில் இருக்கிறார்கள்.

என் பழக்கம் இது. ராத்திரி போன் அடித்தால் மெஷின் போச்சு என்றுதான் முதலில் தோன்றும். யாராவது பத்து நிமிடம் தாமதமாக வந்தால் வேலையை விடப் போகிறான் என்று முடிவே கட்டிவிடுவேன். ஏலத்துக்குத் தூள் போன நாளில் சாப்பாடு இறங்காது. யாராவது புதிதாக ஒன்று செய்து பார்க்கலாம் என்றால், அவர் பேசி முடிப்பதற்குள் அது ஏன் நடக்காது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன். இதைப் பொறுப்பு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

போன வாரம் நடந்தது. மழையில் நனைந்த விறகு, அடுப்பு சரியாகப் பிடிக்கவில்லை. இலையைக் காய வைக்கும் ட்ரையரில் சூடு அரை மணி நேரம் இறங்கியே இருந்தது. விறகு போடும் பையனுக்கு அது தெரியும். சலிக்கும் இடத்தில் இருந்த அக்காவுக்கும் வாசனையிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு பேருமே என்னிடம் சொல்லவில்லை. அன்றைய தூள் கெட்டுப் போனது. காலையில் அந்த அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “தம்பி, உங்க முகத்தைப் பார்த்தாலே சொல்லத் தோணலை. ஒண்ணு சொன்னா, கம்பெனியே மூடப் போறாங்கன்னு ஆரம்பிச்சுடுவீங்க” என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஐந்து நாளாக இதே நினைப்பு. இதிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கொடைக்காரி, ஜூன் 14, பகல் 1.05

அண்ணா, நானும் இதே தப்பைச் செய்தவள். கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியை நடத்தும் பொறுப்பில் இருக்கிறேன். 2024 மே 7 முதல் கொடைக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று வந்ததே, அந்தச் செய்தியைப் பார்த்த நாளே வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு “இந்த வருஷம் சீசன் போச்சு, யாரும் எதையும் எதிர்பார்க்காதீங்க” என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் எதுவும் கேட்டுப் பார்க்கவில்லை. முன்பதிவு ரத்தாகியிருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அறை சுத்தம் செய்வதில் கெட்டிக்காரப் பையன்கள் இரண்டு பேர் அந்த வாரமே மூணாறுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அப்புறம் சனி, ஞாயிறு ஆள் பற்றாமல் நானே படுக்கை விரிப்பு மாற்றினேன்.

சீசன் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. ஆனால் என் விடுதிக்கு நஷ்டம் வந்தது நான் பேசிய பேச்சால்.

பழைய டீமேக்கர், ஜூன் 14, இரவு 8.45

தம்பி, 34 வருடம் இந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் எழுதியதில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ‘தூள் கெட்டுப் போனது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் அப்படி எழுதக் கூடாது.

கப் வைத்து ருசி பார்க்கிறவரிடம் போய் ‘டீ மோசம்’ என்று சொல்லிப் பாருங்கள், என்ன மோசம் என்று கேட்பார். சூடு பற்றாமல் ட்ரையருக்குள்ளேயே புழுங்கியிருந்தால் ஸ்டூட். சூடு ஏறிப் போயிருந்தால் பேக்கி. ஹீட்டரில் எங்கோ ஓட்டை விழுந்து புகை கலந்திருந்தால் ஸ்மோக்கி. சாரம் இல்லாமல் தண்ணீர் மாதிரி இருந்தால் தின். ஒவ்வொரு பெயரும் ஓர் இடத்தைக் காட்டும். அந்த இடத்துக்குப் போனால் கையால் தொட்டுச் சரி செய்யலாம். ‘மோசம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எங்கே போவீர்கள்?

உங்கள் மனதில் வருகிற நினைப்புக்கும் இதே வேலையைச் செய்து பாருங்கள். ‘எல்லாம் போச்சு’ என்று வந்தால், எது போச்சு, எந்த இடத்தில், எப்போதிலிருந்து என்று கேளுங்கள். பாதி நினைப்பு அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் அதற்குப் பதில் இருக்காது. மீதிப் பாதிக்குப் பதில் இருக்கும். அது வேலை.

இன்னொன்றும் சொல்கிறேன். கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தூளில் நிற்க வேண்டியது 3 சதவீதம் அளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை இடத்தில் தப்பு நடக்கலாம்! எனவே தப்பை நினைக்காதே என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். இலை குவியும் மே மாதத்துக்கு முன்னால் நான் எல்லோரையும் உட்கார வைத்து, டீ கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “இந்த சீசன் நாசமாப் போச்சுன்னு வெச்சுக்கங்க. எதனால போயிருக்கும்?” வருடம் முழுக்க வாய் திறக்காதவர்கள் அன்றைக்குப் பேசுவார்கள். நனைந்த விறகும் அப்படி ஒரு வருடம் வந்ததுதான். அதற்கப்புறம்தான் விறகுக் கொட்டகைக்குத் தகரம் போட்டோம்.

நல்லதே நடக்கும், ஜூன் 15, காலை 6.30

நண்பரே, தினமும் காலை கண்ணாடி முன் நின்று ‘எல்லாம் நன்றாக நடக்கும்’ என்று பத்து முறை சொல்லுங்கள். கெட்ட நினைப்பு வரும்போதெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிடுங்கள். எனக்குப் பலன் தந்தது.

நீல மலைச் செவிலி, ஜூன் 15, மதியம் 3.10

ஊட்டியில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். முந்தைய பதிவரின் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் ‘தள்ளிவிடுங்கள்’ என்பதில் ஒரு சிக்கல் உண்டு.

1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், அப்புறம் நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. அமுக்கிய நினைப்பு திரும்பி வருகிறது.

அமெரிக்காவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் மனச்சோர்வு உள்ளவர்களைக் கவனித்து ஒன்று கண்டார். நாம் யோசித்து வரவழைக்காமல், தானாக, கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு வாக்கியம் மனதில் ஓடுகிறது. அது ஓடியதே தெரியாது. அதன் பின்னால் வரும் பயமும் சோர்வும் மட்டும் தெரியும். பெக்கின் வழி அந்த வாக்கியத்தைப் பிடித்து வெளியே வைத்து, இதற்கு என்ன ஆதாரம் என்று பார்ப்பது. ‘பத்து நிமிடம் தாமதம்’ என்பது நடந்தது. ‘வேலையை விடப் போகிறான்’ என்பது நீங்கள் சேர்த்தது. இரண்டையும் காகிதத்தில் தனித்தனியாக எழுதினால் போதும், தூரம் தெரியும். டீமேக்கர் ஐயா சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

ஐயாவின் சீசன் கேள்வி பற்றி: கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007-ல் ஏறக்குறைய இதே முறையை எழுதினார். தொடங்கும் முன்பே, காரியம் கெட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு காரணங்களைத் தேடுவது. ஐயா எங்கும் படித்திருக்க வேண்டியதே இல்லை, தொழில் கற்றுக்கொடுத்திருக்கிறது.

கோத்தகிரி விவசாயி, ஜூன் 15, இரவு 9.55

கரடி பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) கரடியை நினைக்காமல் யாரும் விடியற்காலையில் தோட்டத்துக்கு இறங்க மாட்டார்கள். காட்டுமாடும் நிற்கும். அதனால் டார்ச் எடுத்துக்கொள்வோம், சத்தமாகப் பேசிக்கொண்டு போவோம். பயம் எங்களுக்குச் சோறு போடுகிறது, காப்பாற்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே எல்லோரும் மனதை மாற்று என்கிறீர்கள். என் பச்சை இலைக்கு விலை இல்லாதது என் மனதில் நடப்பதா? 2023-ல் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு இந்த மலையில் உண்ணாவிரதம் இருந்தார்கள், நானும் போய் உட்கார்ந்தேன். கொழுந்து கிள்ளக் கூலி, உரம், மருந்து எல்லாம் ஏறிவிட்டது. இப்படி இருக்கும்போது நாளைக்கு என்ன ஆகுமோ என்று ஒருவன் நினைத்தால் அது கெட்ட பழக்கம் இல்லை, அவன் கணக்குப் போடுகிறான். ‘உன் எண்ணம்தான் பிரச்சினை’ என்று சொல்வது மேலே இருக்கிறவர்களுக்கு ரொம்ப வசதி.

இரவு ஷிப்ட், ஜூன் 16, காலை 10.15

விவசாயி அண்ணா, நீங்கள் சொல்வது உண்மை. விலை என் மனதில் இல்லை. நானும் தினம் இலை எடை போடுகிறவன், வண்டியில் வந்து இறங்கும் விவசாயிகளின் முகத்தைப் பார்க்கிறவன்.

ஆனால் அன்றைய இரவு கெட்டது விலையால் இல்லை. நான்கரை கிலோ இலை போட்டால் ஒரு கிலோ தூள். அந்த இலை யாரோ ஒருவர் உங்களைப் போலக் குளிரில் நின்று கிள்ளியது. என்னிடம் சொல்லப் பயந்து இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டதால் அது வீணாகப் போயிற்று. இந்தக் கணக்கை நான் யார் தலையிலும் போட முடியவில்லை.

கோத்தகிரி விவசாயி, ஜூன் 16, பகல் 12.40

சரி தம்பி. அந்த ஒரு இரவு உங்கள் கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். விலை பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

கரடியைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். டார்ச் எடுத்தாயிற்று என்றால் எங்கள் அப்பா கரடியைப் பற்றி அப்புறம் பேச விட மாட்டார். “எடுத்தாச்சா? நட” என்பார். டார்ச் எடுக்காமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கரடி கரடி என்கிறவனைத்தான் திட்டுவார்.

கொழுந்துக்கூடை, ஜூன் 17, இரவு 9.30

கூடலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் 22 பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது? என் அப்பா 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்தவர். பிறந்த ஊர் கண்டிப் பக்கம். அங்கே உனக்குக் குடியுரிமை இல்லை என்றார்கள், கப்பல் ஏற்றினார்கள், இங்கே வந்தால் சிலோன்காரன் என்றார்கள். வீட்டில் புதிதாக ஒரு பாத்திரம் வாங்கினால்கூட “ரொம்ப ஆசைப்படாத, எப்ப கிளம்பச் சொல்வானோ” என்பார். நானும் தம்பியும் அதைக் கேட்டு வளர்ந்தோம். பொறுப்பு கிடைத்தபோது என் வாயிலிருந்து அப்பாவின் பேச்சே வந்தது. ஒரு பெண் நன்றாகக் கிள்ளினால் பாராட்ட மாட்டேன், நாளைக்கும் இப்படிக் கிள்ள வேண்டுமே என்பேன்.

அப்பா பேசியதில் தப்பே இல்லை. அவருக்கு அப்படித்தான் நடந்தது. ஆனால் என் கீழே இருக்கும் 22 பேரை யாரும் கப்பல் ஏற்றப் போவதில்லை. அவருடைய பயத்தை நான் இவர்கள் தலையில் சுமத்திக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு விளங்கியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

நான் செய்தது சின்ன விஷயம். சாயங்காலம் எடை போடும்போது ஒவ்வொருவரிடமும் அன்றைக்குச் சரியாக நடந்த ஒன்றைச் சொல்வேன். பொய்யாகச் சொல்ல மாட்டேன், அவர்களுக்குத் தெரிந்துவிடும். ‘இன்னைக்கு உன் கூடையில முத்தல் இலையே இல்ல’ என்கிற மாதிரி, கண்ணால் பார்த்ததை மட்டும். முதல் வாரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு பெண் வந்து, மேல் காட்டில் செடிக்கு நோய் விழுகிற மாதிரி இருக்கிறது என்றாள். கொப்புள நோய். மழையில் பரவினால் ஒரு காட்டையே கொண்டுபோகும். அவளுக்கு அது நாலு நாளாகத் தெரியும். முன்னாடி இருந்த சூப்பர்வைசரிடம் யாரும் இதெல்லாம் சொல்ல மாட்டோம் என்றாள். அந்த ‘முன்னாடி இருந்த சூப்பர்வைசர்’ நான்தான், போன மாதத்து நான்.

நீல மலைச் செவிலி, ஜூன் 18, காலை 7.50

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நன்றி.

இரவு ஷிப்ட் தம்பிக்கு ஒரு நடைமுறை யோசனை. கவலையை நாள் முழுக்க ஓட விடாமல் அதற்கு ஒரு நேரம் ஒதுக்குவது. தாமஸ் போர்கோவெக் என்பவரும் அவருடைய குழுவினரும் 1983-லேயே இதைச் சோதித்து எழுதினார்கள். தினம் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி. மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி எழுதிவிட்டு, அந்த நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று கைவேலைக்குத் திரும்புவது. இதில் நினைப்பை அமுக்குவது கிடையாது, தள்ளிப் போடுவதுதான். இரவு வேலை செய்கிற உங்களுக்குத் தூக்கத்துக்கு முன்னால் அந்த அரை மணி வேண்டாம். எழுந்து சாப்பிட்ட பிறகு வையுங்கள்.

இன்னொன்றும். ஐந்து நாளாக இதே நினைப்பு என்றீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதைப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டு தனியாகப் போராட வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும், செலவில்லாமல், தமிழிலேயே பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

இரவு ஷிப்ட், ஜூலை 27, காலை 11.00

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் ஆகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாக்கெட் நோட்டு ஒன்று வாங்கினேன். பயம் வந்தால் ஒரு வரி. மதியம் எழுந்து சாப்பிட்டதும் அதைத் திறந்து, டீமேக்கர் ஐயா சொன்ன மாதிரி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். மொத்தம் 41 வரி. நடந்தது 6. அந்த 6-இல் 4 நான் நினைத்ததில் கால்வாசி அளவுதான். இந்த மாதம் வந்த பெரிய தொல்லை ஒரு மோட்டார் எரிந்து போனது. அது நோட்டில் இல்லவே இல்லை. எதிர்பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் தப்பிக்காது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை அன்றைக்குப் போயிற்று.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஏல நாளில் இன்னும் சாப்பாடு இறங்குவதில்லை. போன வாரம் ஒருவரிடம் பழையபடி ‘இது நடக்காது’ என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் போய், “நீங்க சொல்ல வந்ததை நான் முழுசா கேட்கல, திரும்பச் சொல்லுங்க” என்றேன். அவர் சொன்னார். உண்மையாகவே அது நடக்காத யோசனைதான், ஆனால் ஏன் என்று அவரே பேசிக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்தார்.

சலிக்கும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். “சரி தம்பி, போய் டீ குடிங்க” என்றார்.

விறகுக் கொட்டகைக்குத் தகரம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறோம்.

முந்தாநாள் ராத்திரி இரண்டரை மணி இருக்கும். விறகு போடும் பையன் என்னைத் தேடிக்கொண்டு மேலே வந்தான். “சார், விறகு ஈரம். சூடு இறங்குது.” என் வாய் வரைக்கும் அந்தப் பழைய பேச்சு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு “எவ்வளவு நேரமா?” என்று மட்டும் கேட்டேன். “அஞ்சு நிமிஷம்கூட ஆகல” என்றான். ட்ரையருக்கு இலை போவதைக் குறைத்தோம். தார்ப்பாய்க்குக் கீழே காய்ந்த கட்டை இருந்தது, ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்து வந்து போட்டோம். சூடு ஏறும் வரை அவனோடு அடுப்புப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவன் ஊர்க்கதை எல்லாம் சொன்னான். மூன்று வருடத்தில் அவனோடு அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

பழைய டீமேக்கர், ஜூலை 27, இரவு 8.20

நல்லது தம்பி. அந்த லாட் கப்பில் எப்படி இருந்தது?

இரவு ஷிப்ட், ஜூலை 27, இரவு 8.35

கொஞ்சம் தின் ஐயா. ஸ்டூட் இல்லை.